கத்தியின் இரண்டாம் வருடம்

தோல்வேலை வீடியோக்கள் பெரும்பாலும் ஒரு சத்தத்தில்தான் ஆரம்பிக்கின்றன. தடித்த தோலுக்குள் கத்தி நீளமாக இழுபடும் சத்தம். தேன்நிறத் தோல், அரைநிலா வடிவத்தில் ஒரு கத்தி, கருங்காலி மாதிரி ஏதோ ஒரு மரத்தில் கைப்பிடி. ஆள் முகம் தெரியாது, கைகள் மட்டும்தான். நகங்கள் ரொம்பச் சுத்தமாக இருக்கும். நாற்பது வினாடிக்குள் ஒரு பர்ஸ் தயாராகி மேசைமேல் வந்து உட்காரும். கீழே கருவிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் வாங்குவதற்கான இணைப்பு.

ஐந்தாறு வருடங்களாக இவற்றைப் பார்த்துவருகிறேன். பகலில் மென்பொருள் எழுதுவதும் இரவில் தோல் தைப்பதும் என் வழக்கம். பிறந்து வளர்ந்தது ஆம்பூர். தோலின் வாசனை எனக்குப் புதிதில்லை. ஆனால் தோல்வேலையைப் பொழுதுபோக்காகச் செய்யலாம் என்று எனக்குச் சொன்னது யூடியூப்தான். எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஷிஃப்ட்.

இந்த வீடியோக்களை 'விளம்பரம்தானே' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளிவிட்டால் அவை என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க முடியாமல் போகிறது. ஒரு கதையை விமர்சிக்கும்போது என்ன சொல்லப்பட்டது, என்ன விடப்பட்டது என்று பார்ப்போம் இல்லையா, அதையே இங்கும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. இதில் பணம் இருக்கிறது, அதுவும் என் பணம் மட்டுமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வகைகள் அதிகமில்லை. பெட்டியைப் பிரித்துக் காட்டுவது ஒன்று. பேசாமல் செய்துகாட்டுவது இன்னொன்று. 'தொடங்குகிறவர்களுக்குத் தேவையான பத்துக் கருவிகள்' என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் விமர்சிக்கப் பெரிதாக எதுவும் கிடையாது. கவனிக்கவேண்டியது நான்காவது வகை: விலை குறைந்த கருவியையும் விலை கூடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. அது மட்டும்தான் தன்னைத் தீர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறது. இங்கிலாந்தின் நைஜல் ஆர்மிடேஜ் மாதிரி தோல்வேலையையே தொழிலாகக் கொண்டு, ஒரே வகைக் கருவியில் பலவற்றை வரிசையாக எடுத்து மதிப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் ஒருவர் அப்படிச் செய்தால் நூறு பேர் அந்தச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கத்தி, ஒரு தோல், ஒரு வெட்டு, தீர்ப்பு.

அந்த 'ஒரு தோல்' என்ன தோல் என்பதில்தான் எனக்கு முதல் சிக்கல்.

என் தொழிலில் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஒரு கணினி எவ்வளவு வேகம் என்று அளக்க ஒரு மாதிரி நிரலை ஓட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் எல்லா நிறுவனங்களும் அந்த மாதிரி நிரலில் நன்றாக ஓடும்படிக் கணினியைச் செய்ய ஆரம்பித்துவிடும். எண் ஏறும், நம்ம வேலை வேகமாகாது. தோல்வேலை வீடியோக்களின் மாதிரி நிரல், தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள, விறைப்பான மாட்டுத் தோல். கத்தி வைத்தால் நகராது, அழுத்தினால் மடங்காது. ஈரம் தடவி ஓரத்தை மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும். கிட்டத்தட்ட எந்தக் கருவியையும் நல்ல கருவியாகக் காட்டக்கூடிய தோல் அது.

ஆம்பூரில் கையில் கிடைப்பது அதுவல்ல. இங்கேயும் ஒருகாலத்தில் அதுதான் இருந்தது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் பாதி முடித்த சரக்காக லண்டனுக்குக் கப்பலேறியது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாண அரசின் சார்பில் குரோம் பதனீட்டைப் பரிசோதிக்கத் தொடங்கினார். அது வேரூன்ற வெகுநாளாயிற்று. 1970களில் பாதி முடித்த தோலின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்ததும் முழுதாக முடித்த தோலும் அதன் பிறகு ஷூவும் இங்கேயே வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டிய இந்த வரிசை குரோம் தோலின் ஊராக ஆனது இப்படித்தான். குரோமுக்கு ஆறு கொடுத்த விலை தனிக் கணக்கு. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அது வேறு கட்டுரை. ஈஸ்ட் இந்தியா தோலுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் அதைச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னப் பட்டறைக்குக் கைக்கெட்டுவது ஷூ அப்பர் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகள். எடைபோட்டு விற்பார்கள். பெரும்பாலும் குரோம் தோல், ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர், மெத்தென்று இருக்கும். இதன் ஓரத்தை மரக்கட்டையால் எத்தனை நேரம் தேய்த்தாலும் மினுங்காது. குரோம் பதனீட்டின் இழைகள் தண்ணீரும் சூடும் பட்டுப் படிகிற வகை இல்லை. தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு மாதிரிப் பிரியும். ஓரத்தின் கூர்முனையை வழித்தெடுக்கும் பெவலரை இதில் வைத்தால் தோல் வெட்டுப்படுவதற்கு முன்னால் சுருண்டு கருவியோடு கூடவே வரும். தையல் பள்ளம் தோண்டும் கருவிக்கு ஒரு மில்லிமீட்டர் தோலில் தோண்ட என்ன இருக்கிறது? பதினெட்டுக் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டியை இந்த ஊர்த் துண்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அதில் எட்டுக்கு இங்கே வேலையே இல்லை. அவை மட்டமான கருவிகள் என்பதால் அல்ல. அவை வேறு ஒரு தோலுக்கான கருவிகள்.

இந்த ஊர்க்காரர்கள் ஓரத்தை என்ன செய்கிறார்கள்? மடிக்கிறார்கள். விளிம்பைத் தாள் அளவுக்குச் சீவி, பசை தடவி, உள்பக்கமாக மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். ஷூ அப்பரிலும் சரி, கடையில் நாம் வாங்குகிற பர்ஸிலும் சரி, பெரும்பாலான ஓரங்கள் இப்படி மடித்தவைதான். மடிக்காதவற்றுக்குச் சாயம் அடிப்பார்கள். மடிப்பதற்கு வேண்டியது மெல்லியதாகச் சீவக்கூடிய கத்தியும் தட்டையான சுத்தியலும். ஃபேக்டரியில் சீவுவதற்கு மெஷின் உண்டு, ஜெர்மானிய மெஷினின் பெயரால் அதை 'ஃபார்ச்சூனா' என்றே சொல்வார்கள். வீடியோக்களில் மடித்த ஓரம் அபூர்வமாகத்தான் வருகிறது. வெட்டிய ஓரத்தை அப்படியே காட்டி மினுக்குவது ஒரு ரசனை. அந்த ரசனைக்குத் தடித்த தோல் வேண்டும், அந்தத் தோலுக்கு அந்தக் கருவிகள் வேண்டும். கருவியை விற்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னாலேயே ஒரு ரசனையை விற்றாகிவிட்டது.

*

எண்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். தையலுக்குச் சம இடைவெளியில் துளை போட சீப்பு மாதிரிப் பற்கள் உள்ள ஒரு உளி உண்டு. வீடியோக்களில் ப்ரிக்கிங் ஐயர்ன் என்பார்கள். துளைக்காமல் அடையாளம் மட்டும் போடுவது ஒரு வகை, முழுக்கத் துளைத்துவிடுவது இன்னொரு வகை. இங்கே இரண்டையும் பல் உளி என்றே எழுதுகிறேன். கடைகளில் இதன் அளவு 3.38 மி.மீ. என்று போட்டிருக்கும். மூன்று இல்லை, மூன்றரையும் இல்லை, அதென்ன 3.38? கொரியாவில் செய்ததும் சீனாவில் செய்ததும் அதையே போடுகின்றன. பிரான்சில் மெட்ரிக் முறை வருவதற்கு முன்னாலிருந்த அங்குலம் 27.07 மி.மீ. அதை எட்டால் வகுத்தால் 3.38. பாரிஸின் சேணம் தைப்பவர்கள் ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்குலம் ஒழிந்து இருநூறு வருடம் ஆகிறது, எட்டாம் நம்பர் உளி மட்டும் ஒழியவில்லை. மென்பொருளிலும் இப்படிப் பழைய எண்கள் யாரும் தொடப் பயந்து அப்படியே கிடக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் இதைக் காரணமாகக் காட்டி ஓர் உளிக்கு ஏழாயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

யோசிப்பதைவிட அளப்பது மேல். மூன்று உளிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று முன்னூறு ரூபாய்ச் சரக்கு, ஒன்று ஆயிரத்து அறுநூறு, ஒன்று நண்பரிடம் இரவல் வாங்கிய ஏழாயிரம் ரூபாய் உளி. மூன்றுமே 3.38. ஒன்றே கால் மில்லிமீட்டர் கறுப்பு மாட்டுத்தோல் இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றிலும் இருபது முறை அடித்து, துளைகளை ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் படமெடுத்து, ஒரு சின்ன நிரல் எழுதி இடைவெளிகளை அளந்தேன். முன்னூறு ரூபாய் உளியில் ஒரு பல் கோணல். ஒரு இடைவெளி எப்போதும் 0.2 மி.மீ. குறைகிறது. எண்ணாகக் கேட்டால் அற்பம், ஆனால் தைத்து முடித்தால் ஆறு தையலுக்கு ஒருமுறை ஒரு நெருக்கல் வந்துகொண்டே இருக்கும், கண் அதில் போய் நிற்கும். இதைத் தவிர, தோலிலிருந்து பிடுங்கும்போது துளையையும் சேர்த்துப் பிடுங்குகிறது. ஆக, மலிவுச் சரக்கே போதும் என்று சொல்கிறவர்கள் சொல்வது சரியில்லை. மற்ற இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? இரண்டுமே 0.05 மி.மீ.க்குள் நிற்கின்றன. விலை கூடியது வழவழவென்று வெளியே வருகிறது. பல்லுக்கு நடுவிலும் மெருகேற்றியிருப்பதால் நாலு மில்லிமீட்டர் விறைப்புத் தோலில் அது பெரிய உதவியாக இருக்கும். இரண்டரை மில்லிமீட்டர் மெத்தைத் தோலில் ஐந்தாயிரத்து நானூறு ரூபாய் பெறாது.

*

கத்திக்கு வருவோம். எல்லா வீடியோவும் கத்தியின் முதல் நாளைத்தான் காட்டுகிறது. தாளை நிறுத்திவைத்துச் சீவிக் காட்டுவார்கள், முழங்கை மயிரை வழித்துக் காட்டுவார்கள். இரும்பின் வகையைச் சொல்வார்கள், கடினத்தின் எண்ணைச் சொல்வார்கள். ராக்வெல் 62, 64 என்று அது ஏறிக்கொண்டே போகும். கத்தியின் மதிப்பு அதன் இரண்டாம் வருடத்தில்தான் தெரியும். இரண்டாம் வருடத்தில் அந்தக் கத்தி எத்தனையாவது முறையாகவோ யாரிடமோ கூர் தீட்டப்பட்டுக்கொண்டிருக்கும். யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஆம்பூரில் சாணை பிடிக்கிறவரின் சக்கரம் வேகமாகச் சுற்றும் உலர் கல். தண்ணீர் கிடையாது. தீப்பொறி பறக்கும். கரிமம் மிகுந்த நல்ல எஃகுக் கத்திகளை, குறிப்பாக வீடியோக்களில் பூஜை செய்யப்படும் ஜப்பானிய வகைகளை, இருநூறு டிகிரிக்கும் குறைவான சூட்டில் பதப்படுத்திக் கடினத்தை நிறுத்திவைத்திருப்பார்கள். மெல்லிய விளிம்பு சக்கரத்தில் பட்டால் அந்தச் சூடு நொடியில் தாண்டிவிடும். விளிம்பு நீலமாகும். நீலமான இடத்தில் இரும்பு மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த இடம் எத்தனை தீட்டினாலும் நிற்காது, நீலம் போகும்வரை தேய்த்தெறிய வேண்டும். எட்டாயிரம் ரூபாய்க் கத்திக்கு ஐந்து நிமிடத்தில் அந்த கதி வந்துவிடலாம்.

இங்கே பழைய செருப்புத் தைக்கிறவர்கள் கையில் இருப்பது ஆக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்த கத்தி. பவர் ஆக்ஸா என்று லேத் பட்டறைகளில் இரும்புக் கம்பி அறுப்பார்களே, அந்தத் தடித்த பிளேடு. தேய்ந்துபோனதைப் பட்டறையில் சும்மாவேகூடக் கொடுப்பார்கள். அதைச் சாய்வாகத் தேய்த்து, கைப்பிடிக்குத் துணியோ தோலோ சுற்றியிருப்பார்கள். 'ஐயோ பாவம், கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறார்கள்' என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த பிளேடு அதிவேக எஃகு. இரும்பை அறுக்கும்போது வருகிற சூட்டில் இளகாமலிருக்கவென்றே உருவாக்கப்பட்டது, 500 டிகிரி வரை கடினத்தை விடாது. உலர்ந்த சாணைக்கல்லில் பொறி பறக்கத் தேய்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதாவது இந்த ஊரில் கிடைக்கிற சாணைக்கு எந்த எஃகு பொருந்துமோ அதுதான் அவர்கள் கையில் இருக்கிறது. யாரும் உலோகவியல் படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நிற்காத கத்திகள் கழிந்துபோய் நின்றது மிஞ்சியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கையால் அறுக்கும் மெல்லிய ஆக்ஸா பிளேடுகளில் பலவற்றுக்குப் பல் மட்டும்தான் அந்த எஃகு, முதுகு வளைகிற சாதா இரும்பு. அதில் கத்தி செய்தால் நிற்காது.

இதை எழுதும்போதே இன்னொரு பொறியும் கண்ணில் படுகிறது. 'ஒரு உடைந்த பிளேடை வைத்துக்கொண்டு இந்தப் பெரியவர் என்ன அற்புதம் செய்கிறார் பாருங்கள்' என்று ஒரு வீடியோ வகை இருக்கிறது, பின்னணியில் புல்லாங்குழல் ஓடும். இல்லாமையைக் கலையாக்கும் அந்த வகை விலையுயர்ந்த கருவியை விற்கும் வகையைவிட மோசமானது என்பேன். ஆக்ஸா பிளேடு நல்ல கருவி, ஏனென்றால் அது பொருந்துகிறது. அதை வைத்திருப்பவர் ஏழை என்பதால் அல்ல. குத்தூசி மழுங்கி உள்ளங்கை வீங்கியிருப்பவரிடம் போய்க் கருவி முக்கியமில்லை, கைதான் முக்கியம் என்று சொல்லிப் பாருங்கள்.

*

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறார். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எண்ணி எடுத்துக்கொண்டு போவார். மொக்காசின் வகை ஷூவின் முன்பக்கத்தில் சுருக்கம் சுருக்கமாக ஒரு கைத்தையல் இருக்கும் பாருங்கள், அது. ஆம்பூரைச் சுற்றிப் பெண்கள் பலர் செய்யும் வேலை. 2016இல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், சிவிடெப் முதலிய அமைப்புகள் சேர்ந்து இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும் ஷூவுக்கு இவர்களுக்குக் கிடைப்பது ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு என்று அதில் இருந்தது.

அவர் மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஷூ யூனிட்டில் கட்டிங்கில் இருந்தான், ஆர்டர் குறைந்ததில் வேலை போய்விட்டது. துண்டுத் தோலில் பர்ஸ் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கலாம் என்பது அவன் திட்டம். ஒரு மாதம் ரீல் பார்த்து, கருவிப் பட்டியல் ஒன்று தயாரித்து, சரியா என்று பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தான். மொத்தம் 43,600 ரூபாய். அரைநிலாக் கத்தி 7,500. பல் உளி இரண்டு 14,000. தைக்கும்போது தோலைக் கவ்விப் பிடிக்கும் மரக்கிடுக்கி 6,500. பெவலர்கள், ஓரத்தில் கோடு போடும் மின்சாரக் கருவி, குத்தூசி, இப்படி மிச்சம். கையில் 25,000 இருந்தது. பாக்கிக்கு அம்மா குழுவில் லோன் எடுப்பதாக இருந்தது.

நான் வீடியோக்களை விமர்சிக்கக் கிளம்பியதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். அவனிடம் விளம்பரக் கூலியைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். காசு வாங்கிக்கொண்டு பேசினால் அதைச் சொல்லவேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் விதி கொண்டுவந்தது. 2023இல் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. 'அதெல்லாம் அவங்களே கீழ போட்டிருக்காங்க மாமா' என்றான். உண்மைதான், போட்டிருக்கிறார்கள். யார் காசு கொடுத்தது என்று அதில் தெரியும். அந்தக் கத்தி ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தது என்று தெரியாது. சொல்லப்போனால் காசு வாங்குவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஆல் ஸ்டோல்மன் வரைந்து எழுதிய தோல்வேலைப் பாடங்கள் டாண்டி நிறுவனத்தின் கருவிகளை நம்பர் நம்பராகக் குறிப்பிட்டு விற்றுக்கொடுத்தவை. ஆனாலும் 1977இல் வந்த அவரது கைத்தையல் புத்தகத்தைப் பார்த்து இன்றைக்கும் தைக்கக் கற்றுக்கொள்ளலாம். ஊசி எந்தக் கோணத்தில் போகிறது, எந்த விரல் எங்கே என்று வரைந்திருப்பார். விற்பனையும் பாடமும் அங்கே ஒரே பக்கத்தில் இருந்தன. நாற்பது வினாடி வீடியோவில் பாடத்துக்கு இடமில்லை, மிச்சமிருப்பது விற்பனைதான்.

அக்காவிடம் ஃபோனில் அந்த மரக்கிடுக்கி வீடியோவைக் காட்டினான். ஒருவர் அதைத் தொடைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு கையிலும் ஊசி பிடித்து, நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நிமிடம் பார்த்தார்.

"நல்லா தைக்கிறாரு. இத வச்சிக்கினு தைச்சா ஒரு நாளைக்கு எத்தினி ஜோடி வரும்?"

"அவரு ஜோடி கணக்குல தைக்கல மா."

"அப்புறம் இன்னா கணக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் வேறு ஒரு கணக்கில் இருந்தேன்: ஜோடிக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 14,000 ரூபாய் என்பது 1,400 ஜோடி.

இந்த இடத்தில் 'பல் உளியே வேண்டாம், அம்மா எதுவுமே இல்லாமல்தானே தைக்கிறார்கள்' என்று முடித்துவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் அக்கா வேலை செய்வதைப் பார்த்தால் அப்படி முடிக்க முடியாது. அவரிடம் ஊசி, நூல், கத்தரிக்கோல், விரலில் மாட்டிக்கொள்ள சைக்கிள் ட்யூப் துண்டு, இவ்வளவுதான் இருக்கிறது. உளி இல்லாதது ஏனென்றால் துளை ஃபேக்டரியிலிருந்தே போட்டு வருகிறது. எவ்வளவு இடைவெளி, எத்தனை தையல் எல்லாம் அங்கே முடிவாகி வருகிறது. அதனால்தான் ஜோடிக்குக் கூலியும் அங்கேயே முடிவாகிறது. இருபது வருடம் தைத்த கை, ஆனால் ஒரு வெற்றுத் தோலைக் கொடுத்தால் வரிசையாகத் துளை போட அவரிடம் ஒன்றும் கிடையாது. அவர்கள் வீட்டுக்கு ஒரு நல்ல பல் உளி வருவது பொழுதுபோக்குக்காரன் ஒருவன் வாங்குவது மாதிரியான விஷயம் இல்லை. ஏஜென்ட் மூட்டை வராத நாளிலும் அந்தக் கை தைக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பட்டியலிலேயே மிக அதிக விலை போட்டிருந்ததும், மிகத் தேவையாக இருந்ததும் அந்த ஒரு கருவிதான். விலையை மட்டும் குறைத்தால் போதும்.

இதைத்தான் எந்த வீடியோவும் கேட்பதில்லை. கருவியை அதே வகைக் கருவியோடு ஒப்பிடுகிறார்கள். இதை வாங்கினால் யாரை நம்பியிருப்பது குறையும், யாரை நம்பியிருப்பது கூடும் என்று ஒப்பிடுவதில்லை. பல் உளி ஏஜென்டை நம்புவதைக் குறைக்கிறது. ஜப்பானியக் கத்தி, ஆம்பூரில் இல்லாத ஒரு சாணைக்காரரை நம்பவைக்கிறது. பெவலர், இங்கே கிடைக்காத தோலை நம்பவைக்கிறது. இப்படிப் பார்த்ததும் பட்டியல் தானாகவே கரைந்தது.

கடைசியில் வாங்கியது: நடுவிலை பல் உளி இரண்டு, 3,200. பவர் ஆக்ஸா பிளேடில் செய்த கத்தி, பட்டறையில் தேய்க்கும் கூலியோடு 250. தண்ணீர் விட்டுத் தீட்டும் கல் ஒன்று, 1,100. அந்தக் கத்திக்கு ஊர்ச் சாணையே போதும், ஆனால் மடிக்கும் ஓரத்தைத் தாளாகச் சீவ வேண்டுமென்றால் கடைசிக் கூரைக் கல்லில்தான் ஏற்றவேண்டும். மடிக்கும் சுத்தியல் 350. இரும்பு ஸ்கேலும் கவராயமும் 400. ஊசியும் நூலும் 900. மொத்தம் 6,200. சுத்தியலைச் சென்னை பெரியமேட்டில் வாங்கினோம். தோலுக்கும் உள்துணிக்கும் 9,000. குழு லோன் எடுக்கவில்லை. 9,800 மிச்சம்.

கவ்விப் பிடிக்கும் கிடுக்கியைப் பற்றி அக்காதான் முடிவு சொன்னார். தொடைக்கு நடுவில் அழுத்திப் பிடித்தே பழகிவிட்டது, ஆனால் தோள்பட்டை வலிக்கிறது, குனியாமல் தைக்க முடியுமென்றால் ஒன்று செய்யலாம் என்றார். தெருவிலிருக்கும் தச்சர் இரண்டு பலகையையும் ஒரு போல்ட்டையும் வைத்துச் செய்துகொடுத்தார். வீடியோவில் இருப்பது போலத் தேக்கு இல்லை, வேப்பமரம். வாய்ப்பகுதியில் ஒட்டத் தோலுக்கா பஞ்சம்.

முதல் பன்னிரண்டு பர்ஸில் ஏழு விற்றிருக்கிறது. ஒன்றுக்குக் கைத்தையல் மட்டும் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. ஒரே நூலை இரண்டு ஊசியில் கோர்த்துத் தைப்பதால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது நிற்கும், மெஷின் தையல் அப்படி நிற்காது என்று வீடியோக்களில் மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். அமைப்பைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் பர்ஸ்கள் பெரும்பாலும் தையல் அறுந்து சாவதில்லை. மடிப்பில் தோல் வெடித்துச் சாகின்றன, அல்லது சலித்துப்போய்த் தூக்கி எறியப்படுகின்றன. உள்பக்க அறைகளை மெஷினில் தைத்து, வெளிச் சுற்றை மட்டும் கையில் தைத்தால் நேரம் பாதியாகும். வாணியம்பாடி பக்கம் மூடிய ஒரு யூனிட்டில் பழைய தையல் மெஷின் இரண்டு விலைக்கு இருக்கிறதாம். அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தேடினேன். பழைய மெஷினுக்கு இணைப்பு போட்டுக் கமிஷன் வாங்க முடியாது என்பதாலோ என்னவோ, எனக்கு உருப்படியாக ஒரு வீடியோவும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அக்காவும் வருகிறார். தைத்தால் பின்பக்கம் நூல் எப்படி விழுகிறது என்று அவர் பார்க்கவேண்டுமாம்.